ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

“இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா சார்?” என்று அந்த டாக்டரம்மா கேட்டிருக்கிறார். “இல்ல” என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் எங்கள் நாய்க்கு வலி ஊசி போட்டார்கள். நான் அந்த நேரத்தில் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பொங்கல் கூட்டம்.

நாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய நாய் இல்லை. ஒரு புயல் மழையில், எங்கள் முத்தியால்பேட்டை வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டியின் உறைக்குள் வந்து புகுந்துகொண்ட குட்டி. செம்மண் நிறம். ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்தே இருக்கும். பெட்டை. மழை விட்டதும் போய்விடும் என்றார் கணவர். அது போகவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால் நாயைப் பிள்ளையாக வளர்க்கிறேன் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. நாயை நாயாகத்தான் வளர்த்தேன். நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளும் ஓர் உயிர் அந்த வீட்டில் இருந்தது, அவ்வளவுதான். அதற்கு ஒரு பெயரும் உண்டு. இங்கே எழுத மனம் வரவில்லை.

முதல் தடவை ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனபோது அது நல்ல திடமாக இருந்தது. பூனையைத் துரத்திக்கொண்டு மாடிப்படியில் இறங்கியதில் பின்னங்கால் பிசகிவிட்டது. ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். வயதானவர், எல்லோரையும் அதட்டித்தான் பேசுவார். காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று ஒரு வலி ஊசி போட்டு அனுப்பினார்.

திரும்பும்போது ஆட்டோவிலேயே அது முகத்தை சீட்டில் தேய்க்க ஆரம்பித்தது. விளையாடுகிறது என்று நினைத்தேன். மணிக்கூண்டு தாண்டுவதற்குள் உதடு இரண்டும் தடித்துத் தொங்கின. கண் இமைகள் வீங்கி, கண் வெறும் கோடாகிவிட்டது. மயிர் குறைவாக இருக்கும் அடிவயிற்றில் திட்டுத்திட்டாகத் தடிப்பு. பிறகு என் புடவை மேலேயே வாந்தி எடுத்தது. “அண்ணா, வண்டியத் திருப்புங்க, வந்த எடத்துக்கே போங்க” என்று கத்தினேன்.

அது என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கல்யாணமான புதிதில் எனக்கே அப்படி ஆகியிருக்கிறது. கணவரின் அக்கா அன்றைக்கு விருந்து வைத்தார். நான் ‘அண்ணி’ என்று கூப்பிடுவேன். இலையில் இறால் தொக்கு வைக்க வந்தபோது, “எனக்கு எறா ஒத்துக்காது அண்ணி” என்றேன். “கடலோரத்துல பொறந்துட்டு எறா ஒத்துக்காதுன்றா பாரு” என்று சிரித்துக்கொண்டே இரண்டு கரண்டி வைத்தார். புது மருமகள், சாப்பிட்டேன். கை கழுவி வருவதற்குள் உதடு மரத்துத் தடித்தது, உடம்பெல்லாம் அரிப்பு, தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிடித்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அதற்கும், “எதுனா பூச்சி கடிச்சிருக்கும்” என்றார் அண்ணி. கணவர் நான் சாப்பிட்டபோதும் பார்த்துக்கொண்டிருந்தார், அண்ணி அப்படிச் சொன்னபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, நாய்க்கு வருகிறேன். அந்த வயதான டாக்டர் அதைப் பார்த்ததும் அதட்டலை விட்டுவிட்டார். மளமளவென்று இரண்டு மூன்று ஊசிகள் போட்டு, முன்னங்காலில் டிரிப்ஸ் ஏற்றினார். பாட்டில் மாட்டும் கம்பி அங்கே உடைந்திருந்தது. நான் போன் செய்து வரவழைத்த கணவர்தான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலிக்கும்போது கையை மாற்றிக்கொண்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நாயிடம் அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. சாயந்திரத்துக்குள் வீக்கம் வடிந்து, மடிந்த காதும் கோணல் பார்வையுமாகப் பழைய முகம் திரும்பி வந்தது. கிளம்பும்போது டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திச் சொன்னார்.

“மெலாக்சிகேம். பேர நல்லா மனசுல வெச்சுக்கோங்க. இனிமே யார்கிட்ட காட்டுனாலும் மொதல்ல இத சொல்லுங்க. அடுத்த தடவ மொகம் வீங்குறதோட நிக்கும்னு நெனைக்காதீங்க. மூச்சு நின்னுடும்.”

“சரிங்க டாக்டர்” என்று சொன்னது என் கணவர்தான்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரையும் சொல்லச் சொன்னேன். சொன்னார். கால் வலிக்கு வேறு வகை மாத்திரை கிடைத்தது. அது ஒத்துக்கொண்டது. பல வருஷங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை.

கணவரின் அக்கா பிரான்சில் இருக்கிறார். பாரிசுக்கு வெளியே ஒரு ஊர். சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட்டதால் என் கணவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர் அவர்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் கல்யாணம் செய்துகொடுத்தார்கள், போய்விட்டார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளிர் காலத்தில் இங்கே வருவார். வரும்போது பெட்டி நிறைய வலி மாத்திரை, தைலம், வலிக்கிற இடத்தில் ஒட்டும் பட்டை. தெருவில் முட்டி வலிக்காரர்கள் எல்லாம் அவரைத் தேடி வருவார்கள். யார் எதைச் சொன்னாலும் கையை உதறி “செ ரியன்” என்பார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். பாரிசில் இருந்து வந்து ஒருவர் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான். எங்கள் தெருவே அப்படித்தான் நம்பியது.

அந்த வருஷம் அவர் மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நாய்க்கு அப்போது வயதாகிவிட்டது. மார்கழிக் குளிரில் காலையில் எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, லேசாக முனகும். மாத்திரை கொடுத்து, சாக்கை வெயிலில் காயவைத்து அதன்மேல் படுக்க வைத்தால் கொஞ்ச நேரத்தில் நடக்க ஆரம்பித்துவிடும். அந்த முனகல் அண்ணியின் காதில் விழுந்தது.

“வாயில்லா ஜீவன இப்டி வலியில போட்டு வெச்சிருக்கியேம்மா. ஒரு நல்ல ஊசி போட்டா எழுந்து ஓடாதா?”

“எல்லா ஊசியும் போடக் கூடாதுண்ணி. முன்னாடி ஒரு தடவ வலி ஊசி போட்டு மொகமெல்லாம் வீங்கி, பொழச்சதே பெருசு.”

“குளவி கொட்டியிருக்கும்.”

“ஆட்டோவுக்குள்ள எங்கண்ணி குளவி வந்துது? டாக்டரே சொன்னாரு.”

“ஒனக்கு எறா, ஒன் நாய்க்கு ஊசி” என்று சொல்லிச் சிரித்தார். அவர் மகளும் சிரித்தாள். கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ‘ஆமாக்கா, நானும் கூட இருந்தேன்’ என்று ஒரு வரி அவர் சொல்லியிருக்கலாம். பக்கத்தைத் திருப்பினார்.

அன்றே நான் விழித்திருக்க வேண்டும் என்று பின்னால் சில பேர் என்னிடம் சொன்னார்கள். விழித்துத்தான் இருந்தேன். வேலைக்குப் போகும் முன் தினமும் அவரிடம், “எதுவா இருந்தாலும் நான் வந்தப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். இதற்கு மேல் ஒரு ஆள் எப்படி விழித்திருப்பது?

பொங்கலுக்கு முந்தின வாரம் கடையில் யாருக்கும் லீவு கிடையாது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. கணவர்.

“கொஞ்சம் வரியா? லாஸ்பேட்டையில இருக்கோம். நாய டாக்டர்கிட்ட கொண்டாந்தோம். கொஞ்சம் சீரியஸா இருக்குது.”

“காலைல நல்லா இருந்துச்சே. என்னாச்சுங்க?”

“நீ வா.”

டப்பாவை மூடாமல் வைத்துவிட்டு ஓடினேன். ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் அது எனக்குப் பின்னால் கேட் வரை வந்து நின்றது. அப்படி வந்த நாய் மத்தியானத்துக்குள் சீரியஸ் ஆவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

புது கிளினிக். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் வெளிநாட்டு நாய்களின் படங்கள். அண்ணி தேடிக் கண்டுபிடித்த இடம். உள்ளே ஸ்டீல் மேசைமேல் பச்சைத் துணி போர்த்தியிருந்தது. துணிக்கு வெளியே வால் மட்டும் தெரிந்தது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கணவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

“வயசாயிடுச்சும்மா. ஹார்ட் தாங்கல.”

நான் துணியை விலக்கினேன். உதடு தடித்திருந்தது. கண் வெறும் கோடு. பல வருஷங்களுக்கு முன் ஆட்டோவில் என் மடியில் இருந்த அதே முகம். அன்றைக்கு அந்த முகம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா உள்ளறையில் இருந்து வந்தார். சின்ன வயது. கையில் இன்னும் கிளவுஸ், முகம் வெளிறிப்போயிருந்தது. “ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்து விழுந்துடுச்சு மேடம். அட்ரினலின் போட்டேன், ஆக்சிஜன் வெச்சேன். பல்ஸ் கிடுகிடுன்னு எறங்கிடுச்சு. அலர்ஜி மாதிரிதான் தெரியுது.”

“என்ன ஊசிம்மா?”

“மெலாக்சிகேம். எல்லா நாய்க்கும் போடறதுதான் மேடம். முன்னாடி எதுனா ஒத்துக்காம போயிருக்கான்னு கேட்டுட்டுதான்…” சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு என் கணவரைப் பார்த்தார். பிறகு மெல்ல, “சார் இல்லன்னு சொன்னாரு” என்றார்.

கணவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் அழுகை ஒரு கணம் நின்று, மறுபடியும் தொடங்கியது. அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கண்ணிலும் நீர் வந்தது. “ஒங்க மேல தப்பு இல்லம்மா” என்று அவரிடம் சொன்னேன். அந்த அறையில் வேறு யாரிடமும் நான் பேசவில்லை.

எங்கள் வீட்டைச் சுற்றி எல்லாம் சிமென்ட். புதைக்க இடமில்லை. வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவுக்குப் போன் செய்தேன். கடலோரக் குப்பத்தில் அவர் வீடு. மீன் வெட்டித் தரும்போது தலையையும் வாலையும் நாய்க்கென்று தனியாக எடுத்து வைப்பவர். “கொண்டாக்கா, எங்கூட்டுக்குப் பின்னால எடம் இருக்குது” என்றார். நாங்கள் போனபோது அவர் புருஷன் தென்னை மரத்துக்கு அந்தப் பக்கம் குழி தோண்டி முடித்திருந்தார். மணல், சீக்கிரம் சரிந்தது. மறுபடி மறுபடி வாரிப் போட்டார்.

மீன்காரம்மா நாயின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இன்னாக்கா இப்டி வீங்கிக் கெடக்குது? எப்டி செத்துச்சு?”

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் சொன்னார். “வயசாயிடுச்சும்மா.”

கிளினிக்கில் ஒரு தடவை சொன்னார். அங்கே நான் பொறுத்துக்கொண்டேன். குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நாய்க்கு எதிரிலேயே இரண்டாவது தடவையும் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை.

“வயசு இல்ல” என்றேன். “ஒத்துக்காத ஊசி. இவருக்குத் தெரியும். டாக்டர் கேட்டாங்க, இல்லன்னுட்டாரு.”

மீன்காரம்மா என் கணவரை மேலும் கீழும் பார்த்தார். முந்தானையை உதறி, குழிக்குள் ஒரு கைப்பிடி மணலைப் போட்டுவிட்டு உள்ளே போனார். அவர் புருஷன் மண்ணைத் தள்ளி மூடினார். என் கணவர் எனக்கு முன்னாலேயே காரை நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பிடித்துக்கொண்டார். குப்பத்தில் நான் சொன்னது, காரிலேயே உட்கார்ந்திருந்த அவருக்குக் கேட்டிருக்கிறது.

“ஒரு நாய்க்காக என் தம்பிய மீன் விக்கிறவங்க முன்னாடி அசிங்கப்படுத்திட்டியே. நாங்க நல்லதுக்குத்தான கொண்டுபோனோம்? எனக்கு மட்டும் துக்கம் இல்லியா?”

துக்கம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அண்ணி நடிக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, நாய் படுத்திருந்த சாக்கைப் பார்த்துப் பார்த்து அழுதார். அவருக்கு உண்மையிலேயே நாயின் வலியைப் போக்க வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது. வலி போய்விட்டது. நான் என்ன சொல்ல?

மறுநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கணவர் வந்து பக்கத்தில் நின்றார். கிளிப்புகளைக் கழற்றிக் கொடுத்தார். அவருக்கு என்னிடம் ஏதாவது ஆக வேண்டும் என்றால் இப்படித்தான் வேலையில் கூடமாட உதவுவார்.

“கார்ல போவும்போதே அக்கா சொல்லிச்சு. அந்தப் பழைய கதையெல்லாம் சொல்லாத, சொன்னா டாக்டர் பயந்துகிட்டு நல்ல மருந்து போட மாட்டாங்கன்னு. அங்கயும் பக்கத்துலயே நின்னுச்சு. நான் எப்டி…”

“டாக்டர் யாரக் கேட்டாங்க?”

“என்னத்தான்.”

நான் ஒரு புடவையை மடித்து முடித்தேன். எனக்கு ஓர் ஆசை இருந்தது. மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று. வயதாகிறது, எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் போதும். அதை நான் நம்பியிருப்பேன். நம்ப முடியாவிட்டாலும் நம்பியிருப்பேன். அவர் அதைச் சொல்வதற்காகத்தான் வழி திறந்துவிட்டுக் கேட்டேன்.

“அந்த நேரத்துல ஒங்களுக்கு ஞாபகம் வரலியா?”

அவர் வாழ்க்கையில் எனக்குச் சொன்ன உண்மைகள் கொஞ்சம்தான். அன்றைக்கு ஒன்று சொன்னார்.

“வந்துச்சு. பேரு கூட ஞாபகம் வந்துச்சு.”

மீதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நோணாங்குப்பத்துக்குப் போனார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் படகில் போக வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தது, பிள்ளைகள் ஏமாந்துவிடும் என்றார்கள். நான் போகவில்லை. அண்ணியின் மகள் அனுப்பிய போட்டோ என் போனுக்கும் வந்தது. காயல் தண்ணீர், பின்னால் சதுப்பு மரங்கள், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக எல்லோரும். கணவர் கறுப்புக் கண்ணாடி அணிந்து, அக்காவின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். புதைத்த ஈரம் காயவில்லை. அழிக்காமல் இன்னும் அந்தப் போட்டோவை வைத்திருக்கிறேன். அவரைப் பற்றி எனக்கு எப்போதாவது மனம் இளகினால் எடுத்துப் பார்ப்பேன்.

ஊருக்குக் கிளம்பும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வருஷம் வரும்போது நல்ல ஜாதி நாயா ஒண்ணு வாங்கித் தரேன்” என்றார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். பெட்டியைக் காரில் ஏற்ற உதவினேன். பெரியவர், என்ன இருந்தாலும் வழியனுப்பத்தானே வேண்டும்.

விவாகரத்து என்று நான் போகவில்லை. நாய்க்காகவா என்று சிரிப்பார்கள். என் தங்கையே சிரித்தாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சமைக்கிறேன், அவரும் சாப்பிடுகிறார். கரண்ட் பில், காஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார், இதைப் பற்றியெல்லாம் பேசிக்கொள்கிறோம். எனக்கு உடம்புக்கு வந்தால் மட்டும் அவரைக் கூப்பிடுவதில்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டபோது நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், நானே என்னைப் பற்றி எல்லாவற்றையும் நர்ஸிடம் சொல்லி, கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். வாசலில் நின்றிருந்தவர், “சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் அந்தக் குடும்பத்தில் யாரும் குறைவில்லை.

கடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகள் போடும் சந்தில், இப்போது ஒரு கறுப்பு நாய் சுற்றுகிறது. மத்தியானம் என் டப்பாவில் மிச்சம் வைத்து அதற்குப் போடுகிறேன். சாயந்திரம் நான் வண்டியை எடுக்கும்போது தெருமுனை வரை பின்னாலேயே ஓடி வரும். நின்று திரும்பிப் பார்த்து, “போ” என்று அதட்டுகிறேன். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். அது அந்தச் சந்திலேயே இருக்கட்டும்.